மூன்று கட்டிலிலும் ஒரே கிருமியா? சி. டிஃபிசில் டைப்பிங்கில் எதை எடுப்பது, எதை விடுவது

ஒரு வார்டில் ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. மூவரின் மலத்திலும் சி. டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவின் நச்சு இருப்பதாக முடிவு வந்துவிட்டது. தொற்றுத் தடுப்புக் கூட்டத்தில் எல்லோரும் ஆய்வக ஆளைத் திரும்பிப் பார்க்கிறார்கள். "ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கிச்சா, இல்ல தனித்தனியா வந்ததா?"

பதிலைப் பொறுத்து வேலையே மாறிவிடும். ஒட்டிக்கொண்டது என்றால் வார்டைக் குளோரின் போட்டுக் கழுவ வேண்டும். கழிப்பறை, கமோடு நாற்காலி, யார் எப்போது கை கழுவினார்கள் என்று எல்லாவற்றையும் கிளற வேண்டும். தனித்தனியாக வந்தது என்றால் தரையை எவ்வளவு தேய்த்தும் பெரிய பலன் இல்லை. மூன்று பேருக்கும் என்ன ஆன்டிபயாடிக் எழுதப்பட்டது என்று மருந்துச் சீட்டைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

துடைப்பமா, மருந்துச் சீட்டா என்று சொல்வதற்குத்தான் டைப்பிங், அதாவது ஒரே கிருமிக்குள் உள்வகை பிரிக்கும் சோதனை, இருக்கிறது. அதில் இன்றைக்கு ஐந்தாறு வழிகள் உண்டு. எதை மருத்துவமனைக்குள்ளேயே செய்வது, எதை வெளியே அனுப்புவது, எதற்குக் காசு போடாமல் இருப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேள்வியை முடிவு செய்வதற்கு முன்பே மெஷினை முடிவு செய்துவிடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு என்பது என் எண்ணம். அந்தச் சாய்வோடுதான் மீதியும் இருக்கும்.

கிருமியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1935-ல் ஹால், ஓ'டூல் என்ற இருவர் பச்சைக் குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டார்கள். வளர்த்தெடுப்பதற்குள் பட்ட பாடு பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. 'டிஃபிசில்' என்றால் கஷ்டமானது. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு வரும் கடுமையான பெருங்குடல் அழற்சிக்கு இதுதான் காரணம் என்று தெரிய 1978 ஆகிவிட்டது. 2016-ல் க்ளாஸ்ட்ரிடியத்திலிருந்து க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் என்று பேரினத்தை மாற்றினார்கள். சுருக்கப் பெயருக்கு அதனால் சேதம் இல்லை. இது ஸ்போராக, அதாவது கெட்டி ஓட்டுக்குள் தூங்கும் வடிவமாக, மாறி மாதக்கணக்கில் தரையிலும் கட்டில் கம்பியிலும் கிடக்கும். கையில் தடவும் ஸ்பிரிட்டுக்குச் சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவித்தான் போக்க வேண்டும்.

ஒரே ஆளுக்கு ஐந்து பெயர்

2002-ஐ ஒட்டி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சி. டிஃபிசில் நோயாளிகள் திடீரெனப் பெருகினார்கள், சாவும் கூடியது. அடுத்து இங்கிலாந்து: பக்கிங்காம்ஷயரில் உள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 2003 கடைசியிலிருந்து 2005 நடுப்பகுதிக்குள் இரண்டு அலைகள். 334 நோயாளிகள், குறைந்தது 33 சாவு. 2006-ல் வந்த விசாரணை அறிக்கை அந்த நாட்டையே உலுக்கியது.

எல்லா இடத்திலும் குற்றவாளி ஒரே ஸ்ட்ரெயின்தான், அதாவது கிருமியின் ஒரே உள்வகைதான். ஆனால் ஒவ்வொரு ஆய்வகமும் தன் முறைப்படி ஒரு பெயர் வைத்திருந்தது. அமெரிக்காவில் டேல் கெர்டிங்கின் குழு அதை 'பிஐ' என்றது. பல்ஸ்ட்-ஃபீல்டு ஜெல் பார்ப்பவர்களுக்கு அது 'நாப்-1'. வேல்ஸின் கார்டிஃப் ஆய்வகத்துக்கு அது ரைபோடைப் 027. நச்சு மரபணுவை வைத்து வகை பிரிக்கும் ஸ்லோவேனியாவின் மாயா ரூப்னிக்கின் முறையில் டாக்சினோடைப் மூன்று. பிறகு எம்.எல்.எஸ்.டி. என்ற முறை வந்தபோது எஸ்.டி.1. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் 'பிஐ/நாப்1/027' என்று சாய்கோடு போட்டு ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இருப்பவரைத் தேடுவது போலத்தான்.

இந்தக் குழப்பத்திலிருந்தே முதல் பாடத்தை எடுக்கலாம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறை பக்கத்து ஊரோடும், பத்து வருடத்துக்கு முந்தைய உங்கள் பதிவுகளோடும் பேசுமா என்பது துல்லியத்துக்குச் சமமான விஷயம். தனியாக நின்று பளபளக்கும் முறையால் கொள்ளைநோய்க் காலத்தில் பிரயோஜனம் குறைவு.

பழையவை இரண்டு

பிஐ என்ற பெயரைக் கொடுத்தது ஆர்.இ.ஏ. முறை. கிருமியின் முழு டிஎன்ஏவையும் ஹிண்ட்-3 என்ற நொதியால் துண்டு துண்டாக வெட்டி, மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஓட்டி நீளவாரியாகப் பிரிப்பார்கள். நூற்றுக்கணக்கான கோடுகள் வரும். அதைப் படிப்பது ஒரு கைவேலை; அந்த ஆய்வகத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்த கண்ணுக்குத்தான் பிடிபடும். இன்று புதிதாக ஆரம்பிக்க யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குழு தன் ஃப்ரீசரில் சேர்த்து வைத்திருந்ததை மறக்கக் கூடாது. 2001-க்கு முந்தைய 6,000-க்கும் அதிகமான மாதிரிகளின் பதிவு அவர்களிடம் இருந்தது. அதைப் புரட்டியபோது பிஐ புதிதாக முளைத்ததல்ல, முன்பும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது. பழைய பிஐ, மாக்சிஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்குப் பணிந்தது. புதியது ஒன்றுகூடப் பணியவில்லை. 2005-ல் இது வெளியானபோது சந்தேகம், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஃப்ளூரோகுயினலோன் ஆன்டிபயாடிக்குகள் பக்கம் திரும்பியது. அந்தப் பெட்டி இல்லையென்றால் 'புதுக் கிருமி வந்துவிட்டது' என்பதோடு கதை நின்றிருக்கும்.

இரண்டாவது, பல்ஸ்ட்-ஃபீல்டு ஜெல். ஸ்மா-1 நொதியால் டிஎன்ஏவைப் பெரிய துண்டுகளாக வெட்டி, மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றி ஓட்டும் முறை. சால்மோனெல்லாவுக்கும் ஈ. கோலைக்கும் பல காலம் இதுதான் ராஜா. சி. டிஃபிசிலில் கொஞ்சம் வம்பு பண்ணும். சில ஸ்ட்ரெயின்களில், முக்கியமாக ஒரு காலத்தில் பிரிட்டனில் பரவலாக இருந்த 001-ல், டிஎன்ஏ ஓடும்போதே சிதைந்து கோடு கோடாக வரவேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு இழுப்பு மட்டும் தெரியும். தாங்கல் கரைசலில் தையோயூரியா சேர்த்தால் சரியாகும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். நாள்கணக்கில் நேரம், ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு முடிவு. இந்த மெஷின் ஏற்கெனவே இருந்தால் வேறு கிருமிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக வாங்க வேண்டாம்.

ரைபோடைப்பிங்: ஊரில் பாதிப் பேர் முருகன் என்றால்?

உலகம் முழுக்க, குறிப்பாக ஐரோப்பாவில், புழங்கும் மொழி இதுதான். கிருமிக்குள் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள் பல இடங்களில் திரும்பத் திரும்ப இருக்கும். 630 என்ற ஸ்ட்ரெயினில் 11 இடங்களில். 16எஸ், 23எஸ் என்ற இரண்டு மரபணுக்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நீளம். அந்த இடைவெளிகளை மட்டும் பிசிஆரில் பெருக்கி ஓட்டினால் ஏணிப்படி போல ஒரு வரிசை கிடைக்கும். அந்த ஏணியின் அமைப்புக்கு ஓர் எண்: 001, 014, 027, 078. கார்டிஃப் குழு 1999-ல் 116 வகைகளோடு நூலகத்தை அச்சிட்டது. இன்று வகைகள் பல நூறு.

ஆரம்பத்தில் சாதா அகரோஸ் ஜெல்லில் ஓட்டிக் கண்ணால் ஒப்பிட்டார்கள். இரண்டு கோடுகள் ஒட்டினாற்போல் வந்தால், பார்ப்பவர் மனம்போல ஒன்றாகவோ இரண்டாகவோ ஆகிவிடும். இப்போது கேப்பிலரி என்ற மெல்லிய குழாயில் ஓட்டுவதால் நீளம் எண்ணாகவே வருகிறது. எண்ணை மெயிலில் அனுப்பி வேறு நாட்டோடு ஒப்பிடலாம். அப்படியும் 014-ஐயும் 020-ஐயும் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பலரும் 014/020 என்று சேர்த்தே எழுதிவிடுவார்கள். 078/126-ம் அப்படித்தான்.

இதன் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். பழனி பக்கம் ஒரு கிராமத்தில் திருட்டு நடந்தது, பார்த்தவர் 'ஆள் பேர் முருகன்' என்கிறார். ஊரில் பாதிப் பேர் முருகனாக இருந்தால் அந்தத் தகவலால் என்ன பயன்? ஆள் பேர் ஆல்பர்ட் என்று சொல்லியிருந்தால் அன்று மாலையே பிடித்திருக்கலாம்.

இங்கிலாந்தில் 2007-ல் ரைபோடைப்பிங்குக்காகவே ஒரு தேசிய வலையமைப்பு தொடங்கினார்கள். 2007–08-ல் அதற்கு வந்த மாதிரிகளில் 55 சதவீதம் 027. அந்த வருடம் கண்ணை மூடிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு நோயாளிகளை எடுத்தாலும் இருவரிடமும் 027 இருப்பதற்குப் பத்தில் மூன்று வாய்ப்பு. ஒரே வார்டில் இரண்டு 027 வந்தால் 'பரவிவிட்டது' என்று எழுத அது போதாது. நூற்றில் ஒன்றாக மட்டும் வரும் வகை என்றால் தற்செயலாக இரண்டு பேரிடம் சேர்வது பத்தாயிரத்தில் ஒன்று. அப்போது அதே ரைபோடைப்பிங் கிட்டத்தட்டக் கைரேகை மாதிரி வேலை செய்யும். முறை மாறவில்லை, ஊர்தான் மாறியது. ஆகவே உங்கள் வட்டாரத்தில் எந்த வகை எவ்வளவு புழங்குகிறது என்று தெரியாமல் வரும் ரைபோடைப் முடிவுக்குப் பாதி அர்த்தம்தான்.

இன்னொரு பக்கம் பாருங்கள். நம் மூன்று கட்டில்களில் 002, 015, 078 என்று வந்தால் விஷயம் முடிந்தது. பரவல் இல்லை, மருந்துச் சீட்டை எடுங்கள். 'வேறு' என்று இது சொன்னால் நம்பலாம். 'ஒன்று' என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கல்ச்சர், அதாவது மலத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமி, கையில் இருந்தால் ஓரிரு நாளில் முடிவு, ஓரளவு மலிவு, சாதா பிசிஆர் தெரிந்த ஆளே செய்துவிடலாம். கூட்டம் கூட்டமாக வரும் மாதிரிகளை முதல் சல்லடையில் சலிக்க இதைவிட எளிய வழி இல்லை.

சிகிச்சைக்கும் இது பயன்பட்ட சந்தர்ப்பம் உண்டு. 2011-ல் வெளியான, இந்நோய்க்கான ஃபிடாக்சோமைசின் மருந்தை வான்கோமைசினோடு ஒப்பிட்ட சோதனையில், நோய் திரும்ப வந்தவர்கள் ஃபிடாக்சோமைசின் எடுத்தோரில் 15.4 சதவீதம், வான்கோமைசின் எடுத்தோரில் 25.3 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆனால் ஸ்ட்ரெயின் வாரியாகப் பிரித்தபோது 027 குழுவில் அந்த லாபம் தெரியவில்லை. வகை பிரிக்காமல் இருந்திருந்தால் அது சராசரிக்குள் அமுங்கிப் போயிருக்கும்.

ஒரு மணி நேரத்து ஊகம்

நம்மூரில் காசநோய்க்காகப் பல இடங்களில் வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினிலேயே சி. டிஃபிசிலுக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ் உண்டு. மலத்தைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நச்சு மரபணு இருக்கிறதா என்பதோடு, 'இது 027-ஆக இருக்கலாம்' என்றும் சொல்லும். பைனரி டாக்சின் மரபணுவையும், டிசிடிசி என்ற மரபணுவில் 117-ஆம் இடத்தில் ஒரு எழுத்து விடுபட்டிருப்பதையும் பார்த்து வைக்கிற ஊகம் அது.

எச்சரிக்கை மணியாக நல்லது. டைப்பிங் என்று எண்ணி ஏமாறக் கூடாது. செக் நாட்டிலும் போலந்திலும் பரவிய 176 என்ற ரைபோடைப்பில் அதே எழுத்து விடுபட்டிருக்கும். மெஷின் அதையும் 027 என்றே காட்டும். 027 அல்லாத இரண்டு பேரைப் பற்றி இது ஒன்றுமே சொல்லாது. இதைவிடப் பெரிய சங்கடம், இது வந்தபின் பல ஆய்வகங்கள் கல்ச்சரையே விட்டுவிட்டன. கிருமியை வளர்க்காவிட்டால் பிறகு எந்த டைப்பிங்கும் இல்லை.

எம்.எல்.எஸ்.டி., எம்.எல்.வி.ஏ.

எம்.எல்.எஸ்.டி.யில் ஏழு அடிப்படை மரபணுக்களின் துண்டுகளைப் படித்து ஒரு எண் கொடுப்பார்கள். 2010-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழு வெளியிட்டது. எழுத்தாக வருவதால் சண்டைக்கு இடமில்லை. கிருமிக் குடும்பத்தின் பெரிய கிளைகள் தெளிவாகத் தெரியும். 027 இரண்டாம் கிளையில், 078 ஐந்தாம் கிளையில், ஆசியாவில் அதிகம் காணும் 017 நான்காம் கிளையில். ஆனால் பிரிக்கும் திறன் ரைபோடைப்பிங்கை ஒட்டித்தான். சில இடத்தில் குறைவு. 027, 176 இரண்டும் எஸ்.டி.1-தான். வார்டுக் கேள்விக்கு இதற்காகத் தனியாகச் செலவு செய்ய ஒன்றுமில்லை. முழு ஜீனோம், அதாவது கிருமியின் மொத்த டிஎன்ஏ, படித்தால் இது இலவசமாகவே கூட வரும்.

எம்.எல்.வி.ஏ. வேறு ரகம். டிஎன்ஏவில் ஒரே சொல் அடுக்கடுக்காகத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. அந்த அடுக்கு எத்தனை முறை என்பது சீக்கிரம் சீக்கிரம் மாறும். ஏழு இடங்களில் எண்ணி, இரண்டு கிருமிகளுக்கிடையே மொத்த வித்தியாசம் 2-க்குள் என்றால் ஒரே குளோன் (ஒரே கிருமியின் நகல்கள்), 10-க்குள் என்றால் உறவு என்று பொதுவாக வைத்துக்கொள்வார்கள். ஒரே 027-க்குள்ளேயே யார் யாருக்குப் பக்கம் என்று இதனால் பிரிக்க முடியும். முருகனுக்கு இனிஷியல் போட்டது மாதிரி. பிட்ஸ்பர்கில் 2013-ல் வந்த ஆய்வில் இதை வைத்துத்தான், மருத்துவமனையில் நோய் பெற்றவர்களில் 30 சதவீதத்தினரின் கிருமி மற்ற நோயாளிகளோடும், 29 சதவீதத்தினரின் கிருமி அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமந்தவர்களோடும் பொருந்துகிறது என்று காட்டினார்கள். வயிற்றுப்போக்கு உள்ளவரை மட்டும் தனியறையில் வைத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு அது நல்ல அடி.

குறை என்னவென்றால் 078-ல் ஏழில் ஓர் இடம் பெருகவே பெருகாது. ஆய்வகங்களுக்கு இடையே பொது நூலகமும் ரைபோடைப்பிங் அளவுக்கு வளரவில்லை. டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சர் கிடைக்காத இடத்தில், கேப்பிலரி மெஷின் மட்டும் இருக்கிறது என்றால் இன்றும் நியாயமான தேர்வுதான். புதிதாக முதலீடு செய்பவருக்குச் சொல்ல மாட்டேன்.

முழு ஜீனோம்

சி. டிஃபிசிலின் ஜீனோமில் சுமார் 43 லட்சம் எழுத்துகள். அத்தனையையும் படித்து இரண்டு கிருமிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் மிச்சம் மீதி என்ன?

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 2007 செப்டம்பர் முதல் 2011 மார்ச் வரை வந்த நோயாளிகளில் 1,223 பேரின் கிருமியைப் படித்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. ஒரே உடம்புக்குள் இந்தக் கிருமியில் ஆண்டுக்கு ஒரு எழுத்துகூட முழுசாக மாறுவதில்லை, சராசரி 0.74. அந்தக் கணக்கில், நான்கு மாதத்துக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வந்திருந்தால் வித்தியாசம் 0 முதல் 2 எழுத்துக்குள் இருக்க வேண்டும். 2008 ஏப்ரலுக்குப் பிந்தைய நோயாளிகளில் 35 சதவீதத்தினர் மட்டுமே முந்தைய யாராவது ஒருவரோடு அப்படி ஒட்டினார்கள். 45 சதவீதத்தினரின் கிருமி, முன்பு வந்த அத்தனை பேரிடமிருந்தும் பத்து எழுத்துக்கு மேல் விலகி நின்றது.

அதுவரை எல்லோரும், சி. டிஃபிசில் என்றால் பெரும்பாலும் பக்கத்துக் கட்டிலிலிருந்து வருவது என்று நினைத்திருந்தார்கள். ஒட்டிய 35 சதவீதத்திலும்கூட, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆட்களுக்கு மருத்துவமனையிலோ வெளியிலோ எந்தத் தொடர்பையும் காட்ட முடியவில்லை. கிருமி வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. நெதர்லாந்தில் பன்றிப் பண்ணைக்காரர்களிடமும் அவர்களுடைய பன்றிகளிடமும் எடுத்த 078-ஐப் படித்தபோது, வித்தியாசமே இல்லாத ஜோடிகள் கிடைத்தது இதற்கு ஓர் உதாரணம்.

தொடக்கத்தில் சொன்ன துடைப்பம், மருந்துச் சீட்டு வழக்கில் தீர்ப்பு எழுதியதும் ஜீனோம்தான். 2007-க்குப் பிறகு இங்கிலாந்தில் சி. டிஃபிசில் வேகமாகக் குறைந்தது. அதே காலத்தில் வார்டுகளைத் தேய்த்துக் கழுவினார்கள், கை கழுவும் இயக்கம் நடத்தினார்கள், ஃப்ளூரோகுயினலோனையும் கட்டுப்படுத்தினார்கள். எது காரணம்? 2017-ல் வெளியான ஆய்வு ஜீனோமை வைத்துக் கிருமிகளை மருந்துக்குப் பணிபவை, பணியாதவை என்று பிரித்தது. சுத்தம் காரணமென்றால் இரண்டும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். குறைந்தவை பணியாதவை மட்டும்: 2006-ல் 67 சதவீதமாக இருந்தவை 2013-ல் 3 சதவீதம் ஆயின. பணிபவை இருந்த இடத்தில் இருந்தன. இப்படி ஒரு முடிவை ரைபோடைப் எண்ணை மட்டும் வைத்து எட்டியிருக்க முடியாது.

சரி, அப்படியானால் எல்லோரும் ஜீனோமே எடுக்கலாமே? எடுக்கலாம், மூன்று விஷயம் தெரிந்தபிறகு.

முதலாவது, பூஜ்யம் எழுத்து வித்தியாசம் என்பது 'போன வாரம் பரவியது' என்று ஆகாது. ஸ்போர் தூங்கும்போது எழுத்து மாறாது. ஆறு மாதம் கட்டிலுக்கடியில் கிடந்த ஸ்போரும் நேற்றுக் கையில் ஒட்டியதும் ஒரே மாதிரி தெரியலாம். அதோடு, குறுகிய காலத்தில் நாடு முழுக்கப் பரவிய ஸ்ட்ரெயினில் சம்பந்தமே இல்லாத இருவர்கூட இரண்டு எழுத்துக்குள் வந்துவிடுவார்கள். யார் எந்தக் கட்டிலில் எந்தத் தேதியில் என்ற பட்டியல் பக்கத்தில் இல்லாமல் ஜீனோம் முடிவைப் படிப்பது வீண்.

இரண்டாவது, சின்னத் துண்டுகளாகப் படிக்கும் வழக்கமான சீக்வென்சரில் ரைபோடைப் எண் நேரடியாகக் கிடைக்காது. 11 இடத்தில் ஒரே மாதிரி இருப்பதால் எந்தத் துண்டு எந்த இடைவெளிக்குச் சொந்தம் என்று கோக்க முடிவதில்லை. நீளமாகப் படிக்கும் மெஷினில் முடியும், ஆனால் அதில் எழுத்துப் பிழை வருகிறதா என்று கவனமாகப் பார்க்க வேண்டும். இரண்டு எழுத்து வித்தியாசத்தில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் ஒரு பிழைகூடக் குடியைக் கெடுக்கும். மாறுகிற ஆய்வகம் கொஞ்ச காலம் இரண்டையும் சேர்த்து ஓட்டாவிட்டால் பழைய பதிவோடு தொடர்பு அறுந்துவிடும்.

மூன்றாவது, நேரம். மெஷின் நிறைந்தால்தான் ஒரு மாதிரிக்கான செலவு குறையும். நிறைப்பதற்காகக் காத்திருந்தால் முடிவு வரும்போது மூன்று நோயாளிகளும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கணினிப் பக்கம் முன்பு போலப் பயப்பட வேண்டாம். பொதுவான இரண்டாயிரத்துச் சொச்சம் மரபணுக்களை மட்டும் ஒப்பிடும் சி.ஜி.எம்.எல்.எஸ்.டி. முறை வந்துவிட்டது, 2,270 மரபணுக்கள் கொண்ட ஒரு திட்டம் 2018-ல் வெளியானது, அதில் 6 வரையான வித்தியாசத்தை ஒரே குளோனாக எடுக்கிறார்கள். என்டரோபேஸ் என்ற பொதுத் தளத்தில் ஏற்றினால் உலகில் வேறெங்கு இதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

நானாக இருந்தால்

இருநூறு முந்நூறு படுக்கை உள்ள மருத்துவமனைக்கு நான் டைப்பிங் மெஷின் எதையும் வாங்கித் தரமாட்டேன். ஒரு காற்றில்லா ஜாடி, இந்தக் கிருமியை மட்டும் வளரவிடும் தேர்வு ஊடகத் தட்டுகள், மைனஸ் 80 ஃப்ரீசரில் ஒரு தட்டு இடம், இவ்வளவுதான் கேட்பேன். நச்சு இருப்பதாக வந்த ஒவ்வொரு மலத்தையும் வளர்த்து உறைய வைக்க வேண்டும். வளர்ப்பதும் அவ்வளவு கஷ்டமில்லை. மலத்தைச் சம அளவு எத்தனாலில் கலந்து கொஞ்ச நேரம் வைத்தால் மற்ற கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும், ஸ்போர் மட்டும் மிஞ்சும். வார்டில் நம்மை ஏமாற்றும் அதே குணம் இங்கே நமக்கு வேலை செய்கிறது. 37 டிகிரியில் இரண்டு நாள் கழித்து ஜாடியைத் திறந்தால் தட்டைப் பார்ப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். பாடநூல்கள் குதிரைச் சாண வாடை என்கின்றன. எனக்கு மழைக்காலத்துத் தொழுவம்தான் ஞாபகம் வரும். தேய்த்த கண்ணாடி மாதிரி தட்டையான, ஓரம் பிசிறிய மஞ்சள் திட்டுகள் இருந்தால் சந்தேகம் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெயர் வேண்டாம், ஒரு மருத்துவமனையில் ஒன்பது பேருக்கு வந்தபிறகுதான் டைப்பிங் ஞாபகம் வந்தது. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட மலத்தைக் கொட்டிவிடுவது அங்கே வழக்கம். கையில் இருந்தது கடைசி இரண்டு பேருடையது மட்டும். இரண்டும் ஒரே ரைபோடைப். மற்ற ஏழு பேரைப் பற்றி அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அறிக்கையில் மட்டும் 'ஒரே ஸ்ட்ரெயின்' என்று போட்டு வைத்தார்கள்.

உறைய வைத்ததில் மாதாமாதம் கொஞ்சம், கூடவே கூட்டமாக வந்தவை எல்லாம், ரைபோடைப்பிங்குக்கு மேல் ஆய்வகத்துக்குப் போகட்டும். வேறு வேறு எண் வந்தவை அங்கேயே முடிந்தன. ஒரே எண் வந்தவை, அதிலும் ஊரில் பரவலான எண் என்றால், ஜீனோமுக்குப் போகட்டும். இப்படிச் சலித்து அனுப்பினால் ஜீனோம் செலவு சிலருக்கு மட்டும்தான்.

மாநில அளவிலோ நாட்டளவிலோ மாதிரி வாங்கும் ஆய்வகத்துக்கு என் பதில் வேறு. அவர்களுக்கு மெஷின் நிறையும், ஆட்கள் இருப்பார்கள். நேராக ஜீனோமுக்கே போகலாம். பழைய நூலகத்தோடு பேச ஒரு ரைபோடைப்பிங் மேசையைச் சில வருடம் உயிரோடு வைத்துக்கொண்டால் போதும். நடுவில் இருக்கும் பெரிய மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான் உண்மையான சங்கடம். கேப்பிலரி மெஷின் மரபியல் துறையில் சும்மா கிடந்தால் ரைபோடைப்பிங்கை அதிலேயே ஆரம்பிக்கலாம். சி. டிஃபிசிலுக்காக மட்டும் சீக்வென்சர் வாங்குவது ஒரு டம்ளர் பாலுக்கு மாடு வாங்குவது மாதிரி. க்ளெப்சியெல்லா, காசநோய் என்று எல்லாத் துறையும் பங்கு போட்டால் சரிவரும்.

அனுப்பும்போது கவனிக்க ஒன்று. ஒரே நோயாளியின் வயிற்றில் இரண்டு ஸ்ட்ரெயின் சேர்ந்திருப்பதுண்டு. ஒரே ஒரு திட்டைக் கிள்ளி உறைய வைத்தால் இன்னொன்று நழுவிவிடும். தட்டிலிருந்து நான்கைந்து இடத்தில் வழித்து ஒரு குப்பியில் போடுங்கள், தனித் திட்டு ஒன்றை இன்னொரு குப்பியில் போடுங்கள். நோய் திரும்ப வந்தவர்களின் இரண்டாவது மாதிரியையும் தவறாமல் சேர்த்து வையுங்கள். பழையதே தலை தூக்கியதா, புதிதாகத் தொற்றியதா என்பதற்கு அந்த இரண்டு குப்பிகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. படிவத்தில் 'மலம், சி. டிஃப் பாசிட்டிவ்' என்பதோடு நிறுத்தாமல் வயிற்றுப்போக்கு ஆரம்பித்த தேதி, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் படுத்திருந்த வார்டு, கட்டில் எண், எடுத்த ஆன்டிபயாடிக் நான்கையும் எழுதுங்கள். மேல் ஆய்வகத்தில் இருப்பவர் 0 என்ற எண்ணைப் பார்த்ததும் முதலில் தேடுவது அந்த நான்கு வரிகளைத்தான்.